டெல்மர் எழுதாத வாக்குமூலம்

டெல்மர் க்ரூஸ் பிவட்டிலிருந்து விழுந்தபோது பக்கத்தில் இருந்தவை மாடுகள் மட்டுந்தான். அறுவடை முடிந்த சோளக்காட்டில் தட்டையை மேய்ந்துகொண்டிருந்தன. காட்டின் நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிவந்து நீர் தெளிக்கும் அந்த நீளமான இரும்புக் கைகளைப் பழுதுபார்ப்பதுதான் இருபத்தெட்டு வருடமாக அவன் தொழில். உறைபனி வருவதற்குள் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்துவிட ஏணியில் ஏறியிருக்கிறான். நான்காம் படியில் நின்றபோது, கால் படியின் மேல்தான் இருக்கிறதா என்று தெரியாமல் குனிந்து பார்த்தானாம். குனிந்தது வரைதான் நினைவிருக்கிறது.

"ஒரு மாடு வந்து என் தொப்பிய மோந்து பாத்துட்டுப் போச்சு. அதுக்கென்ன தெரியும், பாவம்" என்று பிறகு சொன்னான்.

அதற்குப் பதினாறு நாள் முன்பு எங்கள் லோடன் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். ஊரில் பாதிப்பேர் வரிசையில் நின்றோம். டெல்மருக்கு முன்னால் நான் நின்றேன். ஒரே நர்ஸ், ஒரே பெட்டியில் இருந்த ஊசிகள். எனக்கு இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். அவனுக்கு விழுந்த நான்காவது நாள் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஹெலிகாப்டரில் லிங்கன் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. உடம்பு தன் நரம்புகளைத் தானே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய், ஊசிக்குப் பிறகு பத்து லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். நான் இப்போதும் வருடம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்கிறேன். மறந்தால் டெல்மரே ஞாபகப்படுத்துவான்.

ஐந்து மாதம் கழித்து மார்ச் கடைசியில் திரும்பி வந்தான். இரண்டு காலிலும் முட்டுக்குக் கீழே தாங்குபட்டை, கையில் ஊன்றுகோல். பாதத்தில் உணர்வு முழுதாக வரவில்லை. ஏணி ஏறும் தொழில் அதோடு போயிற்று. தன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தான்.

நான் ஹெட்டி லிண்ட்க்ரென். லோடன் நூலகத்தை நடத்துகிறேன். நடத்துகிறேன் என்றால் அங்கே இருப்பது நான் ஒருத்திதான். எனக்கும் டெல்மருக்கும் ஒரே வயது, ஒரே பள்ளி. என் கணவர் டென்வருக்கு வேலை தேடிப் போய், வேலையோடு வேறொரு பெண்ணையும் தேடிக்கொண்டு அங்கேயே தங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. டெல்மர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வியாழக்கிழமைதோறும் மதியம் நூலகத்துக்கு வந்து வாரப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மாட்டுச் சந்தை விலை வரைக்கும் படிப்பான். அவன் படுத்திருந்த ஐந்து மாதமும் வியாழக்கிழமைகளில் அந்த நாற்காலியை நான் மேசைக்குள் தள்ளி வைக்கவில்லை. இதை அவனிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஈட்டுத் தொகைக்கு மனு போடலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். தடுப்பூசியால் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே வாஷிங்டனில் தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. முதல் அறிகுறி தெரிந்து மூன்று வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இரண்டரை வருடம் ஓடிவிட்டிருந்தது.

"எனக்கு யார் மேலயும் கோவமில்ல ஹெட்டி. அந்த நர்ஸு நல்ல பொண்ணு."

"யார் மேலயும் கோவப்பட வேண்டாம்ப்பா. இது அந்த மாதிரி வழக்கு இல்ல. உனக்கு வீட்டு வாசல்ல ஒரு சாய்தளம் வேணும். குளிர்ல அந்தப் படியில ரெண்டு தடவ விழுந்திருக்க. மூணாவது தடவ விழறதுக்குள்ள கேட்டு வாங்கிக்கயேன்."

சரி என்றான். ஒமாஹாவில் திருமதி ஆஷ்பி என்று ஒரு வக்கீல். தொலைபேசியிலேயே எல்லாம் பேசினார். மனு போட்டாயிற்று. இனி வேண்டியவை இரண்டு. லிங்கனில் அவன் பெரும்பாலான நாள் படுத்திருந்த மறுவாழ்வு மருத்துவமனையின் பதிவேடுகளை வாங்க அவன் கையெழுத்து. அவன் கைப்பட ஒரு வாக்குமூலம். என்றைக்கு ஆரம்பித்தது, என்னென்ன வேதனைப்பட்டான், எதையெல்லாம் இழந்தான் என்று எழுதிச் சத்தியம் செய்து அனுப்ப வேண்டும்.

"ரெண்டு பக்கம் போதுங்க, மிஸ்டர் க்ரூஸ். உங்க வார்த்தையிலயே எழுதுங்க. இலக்கணமெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் ஆஷ்பி.

அடுத்த வியாழக்கிழமை மஞ்சள் தாள்கள் கோத்த எழுது அட்டை ஒன்றைக் கொடுத்து அவனை ஜன்னலோர மேசையில் உட்காரவைத்தேன். விழுந்த நாள், ஹெலிகாப்டர், மூச்சு இயந்திரம் வரைக்கும் வேகமாக எழுதினான். "பிறகு மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள்" என்று ஒரு வரி. அதோடு பேனா நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அந்த வரியில்தான் நின்றது. அதற்கடுத்த வாரம் அட்டையை எடுக்கவே இல்லை. பதிவேட்டுக்கான கையெழுத்துத் தாளும் பத்திரிகைக்கு அடியில் கிடந்தது.

ஆஷ்பியிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடி வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். எனக்கே கோபம் வந்தது.

"ஏன்ப்பா, நீ என்ன சின்னப் பிள்ளையா? பட்ட கஷ்டத்தை எழுதறதுல என்ன கஷ்டம்?"

ஊன்றுகோலின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, பத்திரிகையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அங்க ரோவீனான்னு ஒருத்தி இருந்தா."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மருத்துவமனை உதவியாளராம் அவள். நாற்பதைத் தாண்டியவள். தினம் காலை ஏழு மணிக்கு வந்து அவன் முகத்தை மழித்துவிடுவாள். அப்போது தொண்டையில் துளை போட்டிருந்ததால் பேச முடியாது, கண்ணை மட்டுமே அசைக்க முடியும். எல்லோரும் அவன் தலைக்கு மேலாக ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள, அவள் மட்டும் அவனிடம் பேசினாள்.

"'என்ன தொரை, ராத்திரி எங்கயும் ஊர் சுத்தப் போகலையா'ம்பா. 'பக்கத்து அறைக்காரர் ஓடிப்போகத் திட்டம் போடறாரு, நீயும் சேந்துக்கறியா'ம்பா. அவ கார் தினம் ஒரு எடத்துல நின்னுபோகும். என்ன சத்தம் வந்துச்சுன்னு அவளே வாயால சத்தம் போட்டுக் காட்டுவா. எனக்கு அது எந்த பெல்ட்டுன்னு தெரியும். சொல்லத்தான் வாய் இல்ல."

எழுத்துகள் எழுதிய அட்டையை அவள்தான் கொண்டுவந்தாள். விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துவாள். சரியான எழுத்தில் அவன் கண்ணை மூட வேண்டும். கால் மணி நேரம் பாடுபட்டு அவன் சொன்ன முதல் வாக்கியம்: மூக்கு அரிக்கிறது.

"சிரிச்சா பாரு. அழுதுட்டே சிரிச்சா. 'மூணு வாரமா இதத்தான் சொல்லணும்னு இருந்தியா, தொரை'ன்னு கேட்டுட்டு, ரொம்ப நேரம் சொறிஞ்சுவிட்டா."

முதலில் அசைந்தது வலது ஆள்காட்டி விரல். அவள் கையில் வைத்திருந்தபோது அசைந்தது. தானாக விழுங்கத் தொடங்கியதும் வேகவைத்து மசித்த ஆப்பிளை முதல் கரண்டி ஊட்டியவள் அவள். ஊருக்குக் கிளம்பிய நாள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை வந்தவளும் அவள்தான். "திரும்பி இந்தப் பக்கம் உன்னப் பாத்தேன், தொலைச்சிருவேன்" என்றாளாம். அவன் குரல் அப்போது காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. நன்றி என்று மட்டும் சொன்னான். கார் திரும்பும்வரை கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா போனப்புறம் என் மூஞ்சிய யாரும் தொட்டதில்ல ஹெட்டி. அந்த அஞ்சு மாசம் ஒடம்பு நரகத்துல கெடந்துச்சு. ஆனா காலையில ஏழு மணி எப்ப ஆகும்னு காத்துட்டுக் கெடப்பேன். இங்க வந்தப்புறம் எந்த மணிக்காகவும் நான் காத்துட்டிருந்தது இல்ல. அதப் போயி இழப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, இத்தன டாலர் குடுங்கன்னு கேக்கச் சொல்ற."

எந்த மணிக்காகவும் காத்திருந்ததில்லை என்று அவன் சொன்னபோது சுவரிலிருந்த கடிகாரத்தை நான் பார்த்தேன். வியாழக்கிழமை, மூன்றேகால்.

"ரெண்டும் நெசந்தானப்பா. கஷ்டப்பட்டதும் நெசம், அவ நல்லா பாத்துக்கிட்டதும் நெசம். ரெண்டையுமே எழுது."

"ரெண்டும் ஒரே தாள்ல வர மாட்டேங்குது" என்றான்.

அடுத்த வசந்தத்தில், ஒத்துழைக்காத கட்சிக்காரருக்காக வாதாட முடியவில்லை என்று நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டு ஆஷ்பி விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசிவரைக்கும் மரியாதையாகவே பேசினார். அதன்பின் கடிதங்கள் வாஷிங்டனிலிருந்து நேராக டெல்மருக்கே வந்தன. அறுபது நாள் அவகாசம், மறுபடி முப்பது நாள். ஒருமுறை தொலைபேசியிலேயே விசாரணை வைத்தார்கள். டெல்மர் வீட்டு லைன் சரியில்லை என்று நூலக எண்ணைக் கொடுத்திருந்தோம். குறித்த நேரத்துக்கு மணி அடித்தது. டெல்மர் வரவில்லை. நான் எடுத்தேன்.

"மிஸ்டர் க்ரூஸ் இருக்காரா?" ஒரு பெண் குரல். வழக்கை விசாரிக்கும் நடுவரே பேசினார்.

"இல்லீங்க. நான் இங்க லைப்ரரியன். அவர் சார்பா நான் ஏதாவது..."

"நீங்க பேச முடியாதும்மா. மன்னிக்கணும். ஆனா அவருக்கு ஒண்ணு சொல்லுங்க. அவர் சொல்றத நம்பாம நான் கேக்கல. காகிதம் இல்லாம என்னால ஒண்ணுமே செய்ய முடியாது. அவருக்கு ஒடம்பு முடியலையா?"

"நடக்கறாருங்க. மத்தபடி..." என்றேன்.

"சரி" என்றது அந்தக் குரல். அவசரமில்லாமல், வருத்தத்தோடு.

ஜூன் கடைசியில் இறுதி உத்தரவு வந்தது. பதிவேடுகளும் வாக்குமூலமும் இதுவரை வரவில்லை. வழக்கை ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று ஜூலை இருபத்தொன்பதுக்குள் காரணம் காட்டவும். நான் அதை எடுத்துக்கொண்டு நேராக அவன் கடைக்கே போனேன்.

"பதினெட்டாம் தேதி திங்கக்கிழமை நூலகத்துக்கு லீவு போட்டுருக்கேன். லிங்கனுக்குப் போறோம். பதிவேட நேர்லயே வாங்கிக்கலாம்."

லிங்கன் என்றதும் நிமிர்ந்தான். பதிவேட்டுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஆறு மணி நேரப் பயணம். ஆளுயரத்துக்கு மேல் சோளம். பிவட்டுகள் தங்கள் சக்கரங்களில் சுற்றிக்கொண்டிருந்தன, எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று காரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். சலவை செய்த சட்டை போட்டிருந்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் மழிக்கும்போது வெட்டிய காயம்.

பதிவேட்டு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பிரதி கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக வராத காகிதம், இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவன் லிஃப்டில் இரண்டாம் மாடிப் பொத்தானை அழுத்தினான். அவன் படுத்திருந்த பகுதி அது. மேசையில் இருந்த இளம் நர்ஸ் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பின்னால் இருந்த வயதான நர்ஸ் ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "அட, நீங்களா! நடந்து வந்திருக்கீங்க!" என்றாள்.

"ரோவீனா பெக் இருக்காங்களா?"

"ரோவீனாவா? கோவிட் வந்த வருஷமே வேலைய விட்டுட்டாங்களே. ஐடஹோ பக்கம் எங்கயோ, அக்கா வீட்டுக்கு."

"விலாசம்..."

"அதெல்லாம் குடுக்கக்கூடாதுங்க. வேணும்னா கடுதாசி எழுதி இங்க அனுப்புங்க. மேல அனுப்ப முடியுதான்னு பாக்கறோம்."

டெல்மர் தலையாட்டினான். நடைக்கூடத்தின் கோடியில் இருந்த அறையைத் தூரத்திலிருந்து பார்த்தான். உள்ளே வேறு யாரோ படுத்திருந்தார்கள். கிட்டே போகவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். இறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த ரன்ஸா ரொட்டி அவன் தட்டில் ஆறிப்போனது. பெட்டியைத் திறந்து உதவியாளர்களின் தினசரிக் குறிப்புகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். ஒரு நாளைக்கு ஒரு வரி, இரண்டு வரி. கடைசியில் 'ஆர்.பி.' என்று எழுத்து.

'காலை 7.10. முகம் மழித்தாயிற்று. நோயாளி விழிப்புடன் இருக்கிறார்.'

'எழுத்து அட்டை முயன்றோம். நோயாளிக்கு நகைச்சுவை புரிகிறது.'

'வலது ஆள்காட்டி விரல் அசைந்தது. இருமுறை சரிபார்த்தேன்.'

ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்துப் படித்தான். எதையோ தேடுகிறான் என்று புரிந்தது. நூறு நாளைக்கும் மேற்பட்ட வரிகள். அத்தனையும் மருத்துவமனைக்கு எழுதியவை; அவனுக்கென்று எழுதிய ஒரு சொல்லும் இல்லை. கடைசித் தாளை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தக் கடைசித் தாளை நான் எடுத்துப் பார்த்தேன். பட்டியலையும் தேதியையும் பார்த்தே பழகிய கண் எனக்கு. அவன் வீடு திரும்பிய நாளின் குறிப்பில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேலே, அன்றைக்கு யார் யாருக்கு வேலை என்ற வரிசையில் 'ஆர். பெக் – விடுமுறை' என்று இருந்தது.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

"டெல்மர், நீ கெளம்பின அன்னிக்கு உன் நாற்காலியத் தள்ளிட்டு வந்தது ரோவீனாதானே? நிச்சயமா?"

"ஆமா. ஏன்?"

"அன்னிக்கு அவளுக்கு லீவு. லீவு நாள்ல வந்திருக்கா."

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. "அன்னிக்கு அவ சீருடையில இல்ல. பச்சக் கோட்டு போட்டிருந்தா. குளிருக்குன்னு நெனச்சேன்" என்றான். லோடன் வரும்வரைக்கும் அந்தத் தாளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். எந்தப் பிவட்டின் சக்கரத்தையும் பார்க்கவில்லை.

கெடுவுக்குப் பதினோரு நாள் இருந்தது. அவன் தினமும் நூலகத்துக்கு வந்தான். மஞ்சள் தாள் அட்டையைக் கேட்டு வாங்கி, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதினான். எழுதிக் கிழித்தான், மறுபடி எழுதினான். பேனா எங்கும் நிற்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. தொந்தரவு செய்யாமல் காபி மட்டும் கொண்டுபோய் வைத்தேன். பதிவேடுகளை ஒழுங்காக அடுக்கி, உள்ளறையில் பெட்டியின் மேல் நீதிமன்ற விலாசத்தை எழுதி, ஒட்டுநாடாவோடு தயாராக வைத்திருந்தேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை தடிமனான ஒரு உறையை என்னிடம் நீட்டினான்.

"இத இன்னிக்கே தபால்ல சேத்துடறியா?"

விலாசத்தைப் பார்த்தேன். ரோவீனா பெக், மருத்துவமனையின் பெயர், கீழே பெரிய எழுத்தில் 'தயவுசெய்து மேலே அனுப்பவும்'.

"வாக்குமூலம்?"

"எழுதலாம்னுதான் ஒவ்வொரு நாளும் ஒக்காந்தேன் ஹெட்டி. அவளுக்கே சொல்லாதத முன்னப்பின்ன தெரியாத ஒருத்தங்களுக்கு எப்படிச் சொல்றது? மொதல்ல அவளுக்குச் சொல்லிடலாம்னு..."

"நாளைக்குக் கடைசி நாள்ப்பா!"

"தெரியும்."

"இப்பவாவது எழுது. ஒரு பக்கம். நான் கணினியில ஏத்தி அனுப்பறேன். உன் தேதி, உன் கால், உன் படி. அவளப் பத்தி ஒரு வார்த்த வேண்டாம்."

"அவ இல்லாம அதுல என்ன இருக்கு" என்றான். அடம் பிடிப்பதுபோல் இல்லை. களைத்துப் போயிருந்தான். "நீ இவ்ளோ பாடுபட்ட. என்ன மன்னிச்சுடு."

அன்று மதியம் தபால் நிலையத்துக்கு நடந்துபோய் உறையைப் போட்டேன். திரும்பிவந்து உள்ளறையில் அந்தப் பெட்டியின் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு கடிதம் அவன் இப்படிக் கிழித்துக் கிழித்து எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஐம்பது வயதில் நினைக்கக்கூடாத நினைப்பு ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்றே பக்கம். எந்தெந்தத் தேதியில் எந்தெந்த உத்தரவு போட்டார்கள், எதற்கும் பதில் வரவில்லை என்று வரிசையாக இருந்தது. மனுதாரருக்கு நேர்ந்ததில் நீதிமன்றத்துக்கு அனுதாபம் உண்டு என்றும் ஒரு வரி இருந்தது. தொலைபேசியில் பேசிய அந்த நடுவரின் குரல் எனக்குக் காதில் கேட்டது. மனுதாரர் வழக்கைத் தொடர்ந்து நடத்தத் தவறியதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. நான் வாசித்தேன், டெல்மர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அவ்ளோதானா?"

"முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்."

"வேண்டாம்" என்றான். பிறகு, "தபால் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டான். வீட்டுக்கு வராமல் போய்விடுமோ என்று பதில் விலாசமாக நூலகத்தைத்தான் கொடுத்திருந்தான். தினம் அதையேதான் கேட்டான். தினம் தபால்காரர் வரும் நேரத்தில் நானும் வாசலைப் பார்க்கத் தொடங்கினேன். வந்துவிடக்கூடாதே என்று பார்த்தேனா, அவனுக்காக வர வேண்டுமே என்று பார்த்தேனா, தெரியாது.

அக்டோபரில் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் நாலு பேர் மரம் வாங்கிவந்து அவன் வாசலில் சாய்தளம் அடித்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் கோணல்தான். டெல்மர் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

ஜனவரியில் ஐடஹோ முத்திரையோடு கடிதம் வந்தது. நான் கொடுத்ததை வாங்கி, வெளியே பனியில் நின்ற தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்து படித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஆவி படிந்து அவன் முகம் தெரியாமல் போயிற்று. உள்ளே வந்தபோது கண் ஈரமாக இருந்தது.

"'தொரைக்கு'ன்னு ஆரம்பிச்சிருக்கா. கடுதாசி நாலு எடம் சுத்திட்டுப் போச்சாம். ஒரு ஏரிப் பக்கம் இருக்காளாம். வந்து பாருன்னு எழுதியிருக்கா."

"போ" என்றேன். "மே மாசம் போ. பனி விட்டுரும்." பேருந்து நேரங்களை நானே தாளில் எடுத்துக் கொடுத்தேன்.

மே மாதம் இரண்டு வாரம் போயிருந்தான். அந்த இரண்டு வியாழக்கிழமையும் பத்திரிகையை நானே கடைசிவரை படித்தேன். மாட்டு விலை சரிந்திருந்தது. திரும்பி வருவானா என்று நினைக்காமலிருக்கப் பழைய அலமாரிகள் முழுவதையும் துடைத்தேன்.

மூன்றாவது வியாழக்கிழமை வந்தான். மூக்கும் கழுத்தும் வெயிலில் கருத்திருந்தன.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அவளுக்கு ஒருத்தர் இருக்காரு. மார்வின்னு பேரு. நல்ல மனுஷன். மூணு பேரும் மீன் பிடிக்கப் போனோம். அவர்தான் என்னப் படகுல கையப் புடிச்சு ஏத்துனாரு." ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்தான். "அவ காரு இப்பவும் அதே சத்தந்தான் போடுது. பெல்ட்ட மாத்திக் குடுத்துட்டு வந்தேன்."

"லீவு நாள்ல வந்தத கேட்டியா?"

"கேட்டேன். 'நீ போறத பாக்கணும்னு தோணுச்சு, வந்தேன்'னா. அவ்ளோதான். மார்வினுக்கு அப்ப அவளத் தெரியவே தெரியாதாம்." ஜன்னலைப் பார்த்தான். "அன்னிக்குக் குரல் மட்டும் இருந்திருந்தா..."

மேற்கே புழுதி பறந்துகொண்டிருந்தது. நான் மேசையில் இருந்த புத்தகங்களை எடுத்து, அடுக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.

"நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாயேன்" என்றேன்.

"நாளைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. மாட்டிறைச்சி வாட்டப்போறேன். ஒரு ஆளுக்கு அது அதிகம்."

வந்தான். சலவை செய்த அதே சட்டை. இரண்டு முறை உருளைக்கிழங்கு கேட்டு வாங்கினான். ஐடஹோ உருளைக்கிழங்கைப் பற்றி, ஏரியைப் பற்றி, அங்கே காலையில் பனிமூட்டம் விலகுவதைப் பற்றிப் பேசினான். பேசப் பேச அவன் கண் என் சமையலறைச் சுவரைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில், காதுக்குக் கீழே, மழிக்காமல் விட்டுப்போன சிறிய இடம் ஒன்று இருந்தது. என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டே, "ஹெட்டி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? கெழங்குல உப்பு கம்மி" என்றான்.

"அடுத்த தடவ சரியாப் போடறேன்."

"ம்" என்றான். படியில் ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினான். வண்டியில் ஏறும்வரை விளக்கை அணைக்காமல் நின்றேன்.